காயல் வாசல் தராசு

அத்தியாயம் 9

காலையில் போட்ட சாயா ஆடை கட்டிப்போனதுகூடத் தெரியாமல் மகா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சுருட்டி வைத்த பிரவுன் பேப்பர். வீட்டில் யாரும் அதைப் பிரித்துவிடக்கூடாதே என்று சில நாட்களாக அதைக் கைக்குழந்தை போலக் கூடவே வைத்துக்கொண்டு திரிகிறாள்.

மாரிச்செல்வம் தோர்த்துத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான். பெண்டாட்டி படிக்கிற படிப்பில் அவனுக்குப் பெருமை உண்டு. அதை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம்தான் இல்லை.

"இன்னைக்குத்தானே அனூப் சாருக்குக் காட்டணும்? எங்க சிக்குதுன்னு கண்டுபிடிச்சிட்டியா?"

"கண்டுபிடிச்சிட்டேன்."

"எங்க அக்காவோட பொம்பளைங்க பொறுக்கற எடம்தானே? நான் எத்தனை வருஷமா சொல்றேன். அவங்க பொறுக்கி முடிக்கறதுக்குள்ள கப்பல் கொழும்பு தாண்டிடும்."

மகா சிரிக்க முயன்றாள், வரவில்லை. அவன் அதைக் கவனிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனான்.

இதுவரை நம்மோடு வராதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற ஒரு பழைய குடோன் இருக்கிறது. மகா அங்கே ஆபீசில் பில் அடிக்கிறாள். மாரிச்செல்வம் அதே குடோனில் மூட்டை சுமக்கிறான். அவன் அக்கா பாண்டிச்செல்வி, சுக்கைத் தரம் பிரித்துப் பொறுக்குகிற பெண்களுக்குத் தலைவி. மூன்று பேர் சம்பளமும் ஒரே வீட்டுக்குத்தான் வருகிறது.

கொஞ்ச நாளாக அந்தக் குடோனுக்கே நேரம் சரியில்லை. வல்லார்பாடம் துறைமுகத்தில் கப்பலேற வேண்டிய சரக்கு, அங்கே கேட்டை மூடிய பிறகே போய்ச் சேர்கிறது. சரக்கு இங்கே நிற்க, கப்பல் மட்டும் போய்விடுகிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த முதலாளி, எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே ஒரு மெஷின் குடோனுக்கு மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாதம் தவணை வாங்கியது அவருடைய மகன் அனூப்.

மகா சனிக்கிழமைதோறும் எர்ணாகுளத்துக்கு ஒரு வகுப்புக்குப் போகிறாள் என்பது அனூப்புக்குத் தெரியும். ஒரு நிறுவனத்தில் வேலை எந்த வழியாக ஓடுகிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது, அதை எப்படிச் சீர்செய்வது என்று கற்றுத்தருகிற வகுப்பு. நமக்குத் தாமதம் எங்கே ஏற்படுகிறது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் சேச்சி என்று அவன் பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டான். அந்த ஒரு மாதத்துக்குக் கடைசி நாள் இன்று.

மகா முதலில் செய்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே படம் போட்டாள். அவள் அடிக்கிற பில்லில் 'இறக்கியது' என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே 'எடை' என்ற கட்டம் இருக்கிறது. அதனால் படத்திலும் இரண்டையும் தோளோடு தோள் உரச வைத்துவிட்டாள். வகுப்பில் சொல்லித்தருகிற சுமா, மகாவைவிடச் சின்னப் பெண். படத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் மூட்டையோடு நடந்து பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டாள். மகாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. என் புருஷன் தினமும் நடக்கிறார், நான் வேறு நடக்க வேண்டுமா என்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

ஆனாலும் நடந்தாள். ஒரு சுக்கு மூட்டையின் வாயில் சிவப்பு ரிப்பனைக் கட்டி, லாரியிலிருந்து இறங்கிய நிமிஷம் முதல் அதன் பின்னாலேயே போனாள்.

ரோட்டு வாசலில் ஒருவர் தூக்கிவிட, மூட்டை இன்னொருவர் தலைக்கு ஏறியது. அடுக்குகளுக்கு நடுவே ஒரே ஓர் ஆள் போகிற அகலத்துக்கு ஒரு சந்து. அந்தச் சந்து வழியாகக் குடோனின் மறுகோடிக்கு, காயலைப் பார்த்த வாசல் வரைக்கும் போயிற்று. அங்கே தராசில் ஏறி இறங்கி, மறுபடி ஒரு தலையில் ஏறி, வந்த வழியே திரும்பி, ரோட்டு வாசலை ஒட்டிய கூடத்தில் கொட்டப்பட்டது. பெண்களின் விரல்கள் அதைப் புரட்டின. சொத்தை ஒரு பக்கம், சுருங்கியது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். பொறுக்கியதை மறுபடியும் ஒரு தடவை பொறுக்கினார்கள். பிறகு புதுச் சாக்கு, வாய்த் தையல், மறுபடி அதே சந்து, அதே தராசு, திரும்ப ரோட்டு வாசல், அங்கே காத்திருக்கிற லாரி.

'சுக்கு, முதல் தரம்' என்று வருஷக்கணக்காக டைப் அடித்தவள் மகா. அந்த மூன்று வார்த்தைக்குள் இத்தனை பேருடைய கழுத்தும் கையும் மூச்சும் இருக்கின்றன என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஒரு மூட்டை ஒரு வாசலில் நுழைந்து அதே வாசலில் வெளியேறுவதற்குள் இவ்வளவு பெரிய உலகத்தைச் சுற்றிவிட்டு வருகிறதே என்று மலைத்துப்போனாள். கோயிலில் தேர் நகர்வதை முதன்முதலாகப் பார்க்கிற குழந்தை வாயைப் பிளந்துகொண்டு நிற்குமே, அப்படித்தான் நின்றாள்.

அந்த மலைப்பு அடங்குவதற்குள் இன்னொன்று உறைத்தது. தராசு ஏன் அங்கே இருக்கிறது? உள்ளே வருகிற மூட்டையும் வெளியே போகிற மூட்டையும் அந்த ஒற்றைச் சந்தில்தான் எதிரும் புதிருமாக முட்டுகின்றன. ஒருவர் ஒதுங்கி நின்றால்தான் மற்றவர் போகலாம். தராசு மட்டும் ரோட்டு வாசலில் இருந்தால் யாருமே அந்தச் சந்துக்குள் நுழைய வேண்டியதில்லை.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை. சுமக்கிறவர்களுக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. அந்தச் சந்தை ஒரு தடவை கடந்தால் ஒரு நடை. சந்து போனால் நடை போகும், நடை போனால் அவள் புருஷன் சம்பளத்தில் பாதி போகும்.

அன்றிலிருந்து மகாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று குடோனுக்கு வந்ததும் முதல் வேலையாக அவள் பொறுக்குகிற கூடத்துக்குப் போனாள். பாண்டிச்செல்வி தன் பலகையில் உட்கார்ந்து முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். மகா பக்கத்தில் குந்தி, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

மதினிக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை வருஷமாக இந்தத் தம்பிப் பயல் என் பொம்பளைகள்மேல் பழி போட்டான், கடைசியில் வழியை அடைத்துக்கொண்டு நின்றவன் அவன்தானா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நடைக்கூலி விஷயத்துக்கு மகா வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

"சொல்லிரு," என்றாள்.

மகா கையிலிருந்த பேப்பரை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள்.

"அவனுக்கு யூனியன் கார்டு இருக்கு. இங்க இல்லேன்னா வேற குடோன்ல சேர்த்துக்குவாங்க. என் பொம்பளைங்களுக்கு என்ன இருக்கு? மெஷின் குடோன்ல மெஷின்தான் பொறுக்கும். நீ உன் புருஷனைப் பார்த்து வாயை மூடிக்கிட்டேன்னு வையி, நானே எந்திரிச்சு நின்னு சொல்லுவேன்."

"சொல்றேன் மதினி. முதல்ல அவர்கிட்ட சொல்லிட்டு, அப்புறம் எல்லாருக்கும் சொல்றேன்."

 பாண்டிச்செல்வி சரி என்பதுபோல முறத்தை எடுத்துக்கொண்டாள்.

சாயா நேரத்தில் மற்றவர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள். மகா மாரிச்செல்வத்தை மட்டும் நிறுத்தினாள். என்கூட ஒரு தடவை தராசு வரைக்கும் நடக்க வேண்டும், மூட்டை இல்லாமல் சும்மா நடந்தால் போதும் என்றாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இது என்ன பைத்தியம் என்று நினைத்திருப்பான், ஆனால் கூடவே வந்தான்.

சந்துக்குள் நாலு எட்டு வைத்ததும் அவன் தடுமாறினான். தலையில் எடை இல்லாமல் அந்த வழியே போய் அவனுக்குப் பழக்கமே இல்லை. போகும்போது ஒரு மூட்டை, திரும்பும்போது ஒரு மூட்டை. தலையில் சுமை இருந்தால் கழுத்து நேராக நிற்கும், கண் எதிரே வருகிற ஆளை மட்டும் பார்க்கும்.

"கீழ பாருங்க," என்றாள் மகா.

அவன் பார்த்தான். குடோன் முழுக்கக் கருங்கல் தரை. மற்ற இடமெல்லாம் சொரசொரப்பாக, தூசி படிந்து கிடந்தது. அந்தச் சந்தில் மட்டும், நடுவில், இரண்டு பாதம் வைக்கிற அகலத்துக்குக் கல் தேய்ந்து குழிந்திருந்தது. ரோட்டு வாசலில் தொடங்கிய அந்தத் தடம் வளையாமல் பிசகாமல் காயல் வாசல் வரைக்கும் பளபளவென்று ஓடியது.

மாரிச்செல்வம் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குழிவுக்குள் காலை வைத்தான். கால் அச்சாகப் பொருந்தியது. குனிந்து விரலால் தடவிப் பார்த்தான். அவனும் சுமந்தான், அவன் அப்பாவும் இங்கேதான் சுமந்தார். அவர்களுக்கு முன்னால் யார் யாரோ. வெறும் கால் பட்டுக் கல் இவ்வளவு தேயுமா என்று அவனால் நம்ப முடியவில்லை.

"எவ்வளவு பேரு நடந்திருப்பாங்க மகா," என்றான். 

அவள் அவனைக் காயல் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துருப்பிடித்த தாழ்ப்பாளை இரண்டு பேருமாகத் தள்ளிக் கதவைத் திறந்தார்கள். வெளியே பாசி பிடித்த படிகளும் தண்ணீரும். முன்காலத்தில் சரக்கெல்லாம் வள்ளத்தில் வந்து இந்தப் படியில்தான் இறங்கியது. இறங்கினதும் எடை போடுவதற்குத் தராசை வாசலோடு ஒட்டி வைத்தார்கள். அது சரியான இடம்தான். பிறகு லாரி வந்தது, சரக்கு ரோட்டு வாசலில் இறங்கத் தொடங்கியது. தராசை மட்டும் யாரும் நகர்த்தவில்லை. அதற்கு மேலே சுவரில் ஒரு சாமி படம், ஒரு சின்ன விளக்கு, தினமும் ஊதுபத்தி. இரும்புத் தராசு போய் எலக்ட்ரானிக் தராசு வந்தபோதுகூட, பழையதைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் புதியதை வைத்துப் பொட்டிட்டுக் கும்பிட்டார்கள்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தனுக்குக்கூடவா தோணல?"

"ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குத் தூரம் தெரியாது. எனக்கே தெரியல. பில்லுல ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கு. சுமக்கறவங்களுக்கு நின்னு பார்க்க நேரம் ஏது?"

அவன் தராசையும் ரோட்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் மனசுக்குள் கணக்கு ஓடுவது மகாவுக்குத் தெரிந்தது. அவள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அங்க கொண்டு போயிட்டா எனக்கு நடை கிடையாது."

"ஆமா."

"நீ சொல்லாம விட்டா?"

"குடோனே கிடையாது."

மாரிச்செல்வம் தோர்த்தை அவிழ்த்து உதறி மறுபடி சுற்றிக்கொண்டான். பரவாயில்லை என்றோ, ஏண்டி இப்படிச் செய்தாய் என்றோ ஒரு வார்த்தை சொன்னால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் ஒன்றுமே சொல்லாமல் திரும்பி நடந்தான். போகும்போது தேய்ந்த தடத்தில் கால் வைக்காமல் ஓரமாகவே போனான். 

பத்தரை மணிக்கு எல்லாரும் ரோட்டு வாசலை ஒட்டிய பெரிய சுவருக்கு முன்னால் கூடினார்கள். அனூப் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டான், பிறகு மற்றவர்கள் நிற்பதைப் பார்த்து எழுந்துவிட்டான். பெண்கள் சுக்குத் தூசி அப்பிய முந்தானையோடு ஒரு பக்கம். சுமக்கிறவர்கள் ஒரு பக்கம், அவர்களுக்கு முன்னால் யூனியனில் அவர்கள் குழுவுக்குத் தலைவரான குழந்தைசாமி. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்ற விதமே, என்ன சொன்னாலும் இல்லை என்றுதான் சொல்லப்போகிறேன் என்பதுபோல இருந்தது.

மகா பேப்பரைச் சுவரில் விரித்து ஒட்டினாள். குடோனின் முழு உருவமும் அதில் இருந்தது. இரண்டு வாசல், சந்து, கூடம், தராசு, லாரி நிற்கிற இடம். ஒவ்வோர் இடத்திலும் பெயரை மலையாளத்தில் எழுதியிருந்தாள், அங்கே பெரும்பாலோருக்கு அதுதான் சரளமாகப் படிக்க வரும். பிறகு சாக்கு தைக்கிற சணல் நூலை எடுத்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு குண்டூசி குத்தி, ரோட்டு வாசல் ஊசியில் நுனியைக் கட்டினாள். இந்த நூல்தான் மூட்டை, இது போகிற வழியெல்லாம் நாமும் கூடப் போகலாம் என்றாள்.

முதலில் ஒருவரும் அசையவில்லை. அப்புறம் ஒரு பெண் தன் பலகை இருக்கிற மூலையை விரலால் தொட்டுப் பார்த்தாள். இன்னொருத்தி வந்தாள். நான் இங்கேதான், நான் இந்தத் தூணுக்குப் பக்கத்தில் என்று பேச்சு கிளம்பியது. ஆளாளுக்குத் தன் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். தன் கைக்கு வருவதற்கு முன்னால் மூட்டை எங்கே இருந்தது, தன் கையைவிட்டு எங்கே போகிறது என்பது அவர்களில் ஒருவருக்கும் முழுசாகத் தெரிந்ததில்லை. அதே கூரைக்குக் கீழே ஆயுசு பூராவும் உழைத்தவர்கள், தங்கள் வேலை மொத்தமும் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறார்கள். குழந்தைசாமிகூடக் கட்டிய கையை அவிழ்த்துவிட்டு ஓரடி முன்னால் வந்தார்.

மகா நூலைக் கையில் பிடித்தபடி நின்றாள். அடுத்து எடை. நூல் காயல் வாசலுக்குப் போக வேண்டும்.  எதிரே மதினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், மாரிச்செல்வம் எங்கே நிற்கிறான் என்று தேடிப் பார்க்க மகாவுக்குத் தைரியம் வரவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கை வந்தது. மாரிச்செல்வம் அவள் விரலிலிருந்து நூலை வாங்கிக்கொண்டான். பேப்பரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் காயல் வாசலில் ஒரு சுற்றுச் சுற்றினான். திரும்பக் கொண்டுவந்து, பொறுக்கியதை மறுபடி பொறுக்குகிற கூடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினான். மறுபடியும் காயல் வாசல், மறுபடியும் ரோட்டு வாசல். பேப்பர் முழுக்க ஒரே சிக்கலான நூல், எல்லாம் அந்த ஒற்றைச் சந்துக்குள்.

"எங்கக்கா பொம்பளைங்க மேல ஒரு குத்தமும் இல்ல," என்றான் தன் ஆட்களைப் பார்த்து. "நாம ஒருத்தருக்கொருத்தர் வழிவிட்டு நின்னே கப்பலை விட்டிருக்கோம். நம்பலேன்னா தரையைப் போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகச் சந்துக்குள் நுழைந்து, குனிந்து, தேய்ந்த கல்லைத் தடவிவிட்டு வந்தார்கள். அனூப்பும் போனான். சிறுவயதிலிருந்து அந்தக் குடோனில் ஓடி விளையாடியவன், முதலாளியாகப் போகிறவன், திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. 

குழந்தைசாமிதான் முதலில் பேசினார். தடம் உண்மைதான், யாரும் மறுக்கவில்லை, ஆனால் நடை குறைகிறது என்பதற்காகக் கூலி குறைந்தால் ஒரு மூட்டைகூட நகராது என்றார். இனிமேல் நடையை விட்டுவிட்டு மூட்டையைக் கணக்கு வைத்துக் கொடுக்க வேண்டும், பழைய வருமானத்துக்கு ஒரு காசு குறையக்கூடாது. அனூப் தலையைச் சொறிந்தான். அதை அப்பாதான் முடிவு செய்ய வேண்டும் என்றான். மகா நடுவில் புகுந்து, இன்று ஒருநாள் மட்டும் தராசை நகர்த்திப் பார்க்கலாம், கூலி பழையபடியே இருக்கட்டும், என்ன நடக்கிறது என்று எல்லாரும் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம் என்றாள். அன்றைக்கே வல்லார்பாடம் போக வேண்டிய லாரி ஒன்று வாசலில் நின்றுகொண்டிருந்தது. குழந்தைசாமி அந்த லாரியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சரி என்றார்.

விளக்கையும் சாமி படத்தையும் அவரே எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். தராசைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் பின்னால். ஊர்வலம் மாதிரி சந்தைக் கடந்து ரோட்டு வாசலுக்கு வந்து இறக்கி வைத்தார்கள். அப்புறம் பார்த்தால் அங்கே பிளக் பாயின்ட் இல்லை. எதிரே பழம்பொருள் கடை வைத்திருக்கிறவரிடம் நீளமான ஒயர் ஒன்றைக் கடன் வாங்கி, ஜன்னல் வழியாக இழுத்து ஒப்பேற்றினார்கள். தராசில் எண் எரிந்தபோது பெண்கள் குலவையிடாத குறைதான்.

வேலை தொடங்கியது. இறங்கிய மூட்டை இரண்டு எட்டில் தராசுக்கு வந்தது, மூன்றாவது எட்டில் கூடத்துக்குள் போனது. வழிவிடு என்ற குரல் இல்லை, ஒதுங்கி நிற்பது இல்லை, ஆளுக்கு ஆள் முறைப்பது இல்லை. பெண்களின் முறங்களுக்கு வேலை ஓயாமல் வந்துகொண்டே இருந்தது. தைத்த சாக்குகள் மறுபக்கமாகத் தராசேறி நேரே லாரிக்குள் போய் உட்கார்ந்தன. மகா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேப்பரில் தான் இழுத்த ஒரு கோடு இப்படி மனிதர்களாக மாறி நடக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அவள் துடைக்கவும் இல்லை.

பஜார் ரோட்டில் வெயில் சாயும் முன்பே லாரி கிளம்பிவிட்டது. அதை வழியனுப்ப எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். துறைமுகத்தில் கேட் மூட இன்னும் நேரம் கிடக்கும்போது இந்தக் குடோனிலிருந்து ஒரு லாரி போனதைக் கொஞ்ச நாளாக யாரும் பார்த்ததில்லை. லாரி வளைவில் திரும்பி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள்.

அனூப்புக்குக் கால் தரையில் பாவவில்லை. மகாவைப் பார்த்து, அடுத்த வாரம் பொறுக்குகிற கூடத்தைப் பார்ப்போம் சேச்சி என்றான். பேப்பரில் அங்கே நூல் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறது, ஒரே சுக்கை எதற்கு இரண்டு தடவை பொறுக்க வேண்டும், அதில் ஒன்றை எடுத்துவிட்டால் பாதிப் பேர் போதுமே என்று மலையாளத்தில் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனான். பாண்டிச்செல்வி அப்போது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மகா அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே போனாள். மாரிச்செல்வத்தைத் தேடினாள். காயல் வாசலில், தராசு இருந்த வெற்றிடத்துக்கு அருகே, திறந்த கதவுக்கு வெளியே படியில் காலைத் தொங்கவிட்டு அவன் உட்கார்ந்திருந்தான். அந்த நேரத்தில் அவனை உட்கார்ந்த நிலையில் அவள் பார்த்ததே இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கோபமா என்று கேட்டாள்.

அவன் எதிரே தண்ணீரையும், தூரத்தில் போகிற படகையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் காத்து எப்பவும் இங்க அடிச்சிக்கிட்டுத்தான் இருந்துச்சா மகா?"

அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மூட்டைக்குக் கூலி என்பதை முதலாளி ஒத்துக்கொள்வாரா என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் பல நாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

பின்னால் வளையல் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பாண்டிச்செல்வி சந்துக்குள் நின்றுகொண்டிருந்தாள், அந்தத் தேய்ந்த தடத்தின் நடுவில்.

"ரெண்டாந்தடவை பொறுக்கறது நான் ஆரம்பிச்சு வச்சது," என்றாள். "ஏன் ஆரம்பிச்சேன்னு அனூப்புக்கும் தெரியாது, அவங்கப்பாவுக்கும் தெரியாது. தெரிஞ்சா இந்தக் குடோன்ல யாருக்கும் தூக்கம் வராது."

மாரிச்செல்வமும் திரும்பிப் பார்த்தான். காலையில் சொல்லிரு என்று அதட்டிய குரல் அது இல்லை.

"என்ன மதினி? சொல்லுங்க."

"இங்க வேண்டாம். நாளைக்கு என் பலகையில வந்து உக்காரு, காட்டறேன். அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு சொல்லு. இவனுக்கு முதல்ல காட்டிட்டு அப்புறம்தானே சுவத்துல ஒட்டின? எனக்கும் அப்படிச் செய்வியா?"

செய்வேன் மதினி என்று சொல்ல மகா வாயைத் திறந்தாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. லாரி கிளம்பிய சந்தோஷத்தில் அனூப் அப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லி, அந்தச் சுவரை, நூலும் ஊசியுமாக, போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். இந்நேரம் அது, கூடத்தில் விழுந்த அந்த இரண்டு சுற்றோடு, அவன் அப்பாவின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.